மேஸ்திரி டீக்குக் கூப்பிட்டால்

ஓசூரில் என் மகன்கள் நடத்தும் பட்டறைக்கு நான் தினமும் போய் உட்கார்ந்துவிட்டு வருவேன். எனக்கு அங்கே வேலை எதுவும் கிடையாது. யார் எந்த ஸ்பேனரை எங்கே போட்டார்கள் என்று பார்த்து முணுமுணுப்பதுதான் இப்போது என் உத்தியோகம். போன மாதம் அங்கே ஒரு பேச்சு வந்தது. வண்டிக்கு இத்தனை வயதாகிவிட்டால் உடைப்புக்கு அனுப்பிவிட வேண்டும் என்று சட்டம் பேசுகிறார்களாம். கம்ப்யூட்டரில் நம்பரைத் தட்டினால் வயது வரும், வயது வந்தால் முடிவும் வந்துவிடும். புதிதாகச் சேர்ந்த மெக்கானிக் ஒருவர் என் பக்கம் திரும்பி, "உங்க காலத்துல எப்பிடிங்க பெரியவரே முடிவு பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"டீ குடிச்சி முடிவு பண்ணுவோம்," என்றேன்.

அங்கே வேலை பார்க்கிற பையன்கள் எல்லோரும் சிரித்தார்கள். கிழவருக்குக் குறும்பு என்று நினைத்துக் கொண்டு அவரவர் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். நான் சொன்னது முழு உண்மை. அதை நம்ப வைப்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஐம்பதுகளில் ஓசூரில் இப்போதிருக்கிற ஃபாக்டரி ஒன்றுகூட கிடையாது. வண்டி கெட்டால் ஒன்று பெங்களூருக்குப் போக வேண்டும், இல்லையென்றால் கிருஷ்ணகிரிக்கு வர வேண்டும். கிருஷ்ணகிரியில் பெங்களூர் ரோட்டின் மேலேயே தகரக் கூரை போட்டு ஒரு பட்டறை வைத்திருந்தார் கோதண்டம் மேஸ்திரி. குப்பம் பக்கத்துக்காரர். வீட்டில் தெலுங்கு பேசுவார், பட்டறையில் தமிழ் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் கன்னடத்துக்குப் போய்விடுவார். வேற்று மொழியில் திட்டினால் ஆளுக்கு வலிக்காது என்பது அவர் எண்ணம். எனக்குக் கன்னடம் தெரியும் என்பதை நான் அவரிடம் சொல்லவே இல்லை.

அவரிடம் நான் தொழில் படித்த கதை பெரிதில்லை. பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவினேன், டயருக்குக் காற்றடித்தேன், திட்டு வாங்கினேன், ஒரு நாள் எஞ்சினைத் தனியாளாக இறக்கி ஏற்றினேன். அதற்குள் மீசை வந்துவிட்டது. ஃபிட்டர் மாது என்ற பெயரும் வந்துவிட்டது.

ரிப்பேருக்கு வருகிறவர்களைப் போலவே தீர்ப்புக்கு வருகிறவர்களும் உண்டு. துருப்பிடித்த பழைய காரைக் கொண்டு வந்து நிறுத்தி, இதை இன்னும் வைத்துக் கொள்ளலாமா, இல்லை உடைக்கப் போட்டுவிட்டு வேறு வாங்கலாமா என்று கேட்பார்கள். மேஸ்திரி சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. பெங்களூரில் வேறு மாதிரி சொன்னார்கள் என்று யாராவது ஆரம்பித்தால், "அப்பிடின்னா அங்கியே போ," என்று வண்டிக்கு அடியில் வேலை பார்க்கிற குழிக்குள் இறங்கிவிடுவார்.

அவர் வண்டியைப் பார்க்கிற விதமே தனி. முதலில் வண்டியைப் பார்க்க மாட்டார், சொந்தக்காரரைத்தான் பார்ப்பார். மனிதர் இறங்கிக் கதவை எப்படிச் சாத்துகிறார் என்று கவனிப்பார். சும்மா தள்ளிச் சாத்தினால் நல்லது. கதவைக் கொஞ்சம் மேலே தூக்கி, உள்ளே ஓர் அழுத்து அழுத்திச் சாத்தினால், மேஸ்திரியின் புருவம் என் பக்கம் உயரும். கதவைத் தாங்குகிற கூடு தளர்ந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். தான் அப்படித் தூக்கிச் சாத்துவது சொந்தக்காரருக்கே தெரியாது, கை தானாகப் பழகியிருக்கும்.

பிறகு வண்டியைக் குழி மேல் நிறுத்தி அடிப்பக்கத்துச் சேற்றையெல்லாம் நான் கழுவிவிட வேண்டும். அது காய்ந்ததும் அவர் சின்னச் சுத்தியலோடு குழிக்குள் இறங்குவார். சேசிஸ் என்கிற அடிச்சட்டத்தை முன்னாலிருந்து பின்னால்வரை தட்டிக் கொண்டே போவார். நல்ல இரும்பு கணீரென்று பேசும். துரு தின்ற இரும்பு சொத்தென்று சொல்லும். சொத்தென்ற இடத்தில் குத்தூசியை வைத்து உள்ளங்கையால் அழுத்துவார். ஊசி நின்றுவிட்டால் நிம்மதி. உள்ளே போனால், எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்துவிட்டுப் பேசாமல் உருவிக் கொள்வார்.

விரிசல் பார்ப்பது இன்னும் நிதானமான வேலை. சந்தேகமான இடத்தில் மண்ணெண்ணெய் தடவி ஊற விடுவோம். ஊறியதும் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, சாக்கட்டித் தூளைக் குழைத்து அந்த இடத்தில் பூசுவோம். பூச்சு காய்ந்து வெள்ளையாக நிற்கும்போது, பின்சீட்டில் ஆட்களை ஏற்றிக் குதிக்கச் சொல்வார் மேஸ்திரி. கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் அதற்குள் ஒளிந்திருந்த மண்ணெண்ணெய் கசிந்து, வெள்ளைப் பூச்சில் ஒரு கோடு எழும்பி வரும். குதிப்பதற்கு எதிரில் காதர் பாய் கடையில் டீ குடிக்கிறவர்களைக் கூப்பிடுவோம். அவர்களுக்கு அது பெரிய பொழுதுபோக்கு, சில பேர் அதற்காகவே டீ குடிக்க வருவார்கள்.

கடைசியில் பிரேக்கைப் பார்ப்பார். "ஓடுறதும் வண்டி வேலதான், நிக்கிறதும் வண்டி வேலதான். ரெண்டுல ஒண்ணு ஆவலைன்னாலும் அது வண்டியில்ல," என்பார்.

இவ்வளவும் முடிந்து, வண்டி தேறும் என்றால் அந்த இடத்திலேயே சொல்லிவிடுவார். தேறாது என்றால் வாயைத் திறக்க மாட்டார். கையைத் துணியில் துடைத்துக் கொண்டு, "வாங்க, ஒரு டீ குடிக்கலாம்," என்று சொந்தக்காரரை ரோட்டுக்கு அந்தப் பக்கம் காதர் பாய் கடைக்கு அழைத்துப் போவார். பட்டறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பாதி டீ குடித்த பிறகுதான் விஷயத்தைச் சொல்வார்.

ஒரு முறை நான் கேட்டேன். "ஏன் மேஸ்திரி, இங்கியே சொல்லிட்டா இன்னா?"

"வண்டி எதுருல சொல்லக் கூடாதுடா மாது," என்றார். "இத்தினி வருசம் அந்தாளு குடும்பத்தையே சொமந்திருக்குது. அத பக்கத்துல வெச்சிக்கினு, இத ஒடைக்கப் போட்டுடுன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதனால் எனக்கும் சிரிக்கத் தோன்றவில்லை. ஆனால் விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ரோட்டில் புகை விட்டுக் கொண்டு ஒரு கார் போனால், "மேஸ்திரி இன்னும் டீக்குக் கூப்புடலியா?" என்று கேலி செய்வார்கள். அவர் தாகத்துக்குக் கூப்பிட்டால்கூட கார் வைத்திருப்பவர்கள் யாரும் அவரோடு டீ குடிக்க வர மாட்டார்கள்.

எல்லாத் துருவும் டீக்குப் போகிற துரு இல்லை. வேப்பனப்பள்ளி மாங்காய் வியாபாரி ஒருவர் ஒரு காரைக் கொண்டு வந்தார். பார்க்கவே சகிக்காது. மட்கார்டு முழுக்க ஓட்டை, கதவின் கீழ்ப்பக்கம் கரையான் அரித்த மாதிரி உதிர்ந்து கொண்டிருந்தது. மனிதருக்குப் புதுக் கார் ஆசை வந்துவிட்டது, அதற்கு மேஸ்திரி வாயால் ஒரு சாக்கு வேண்டும். அவரே, "டீ குடிக்கலாமா மேஸ்திரி?" என்று கேட்டார். மேஸ்திரி தட்டிப் பார்த்தார், குத்திப் பார்த்தார், குழியை விட்டு மேலே வந்தார். "டீ கெடையாது. இது தோல் துரு, எலும்பு கெட்டியா இருக்குது. எடுத்துக்கினு போங்க," என்றார். வியாபாரியின் முகத்தில் ஈயாடவில்லை. அந்தக் கார் அதற்குப் பிறகும் பல மாங்காய்க் காலங்களைப் பார்த்தது.

இதற்கு நேர்மாறான கார்தான் குருபரப்பள்ளி சென்னப்பாவின் கார்.

சென்னப்பா வாடகைக்குக் கார் ஓட்டுகிறவர். ஒல்லியான மனிதர், எப்போதும் சலவைச் சட்டை. அவருடையது மேல்கூரையைப் பின்னால் மடித்து வைக்கிற திறந்த சீமைக் கார். இரண்டாம் உலகச் சண்டைக்கு முன்னால் வந்தது. பச்சை நிறம், பக்கத்தில் ரப்பர் குண்டு ஹாரன், ஏறுவதற்கு இரண்டு பக்கமும் அகலமான படிப்பலகை. சூளகிரியிலிருந்து கிருஷ்ணகிரி வரை எந்த ஊரில் கல்யாணமென்றாலும் மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் கார்தான் போகும். மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை பின்சீட்டில் உட்கார்ந்து வர, கார் ஆள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்து வரும். அந்தக் காரில் வந்தால்தான் மாப்பிள்ளை என்று பேச்சு.

சென்னப்பா அதைப் பார்த்துக் கொண்ட மாதிரி யாரும் காரைப் பார்த்துக் கொண்டதில்லை. பித்தளையைப் புளி போட்டுத் தேய்ப்பார். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை, மேலே ஒரு கோட் பச்சை, அடியில் ஒரு கோட் கறுப்பு பெயிண்ட் தவறாமல் அடிப்பார். அங்கேதான் தப்பு நடந்தது. துருவைச் சுரண்டி எடுக்காமல், பக்தியோடு அதன் மேலேயே வருஷா வருஷம் பெயிண்டை அடித்துக் கொண்டு வந்துவிட்டார். உள்ளே இரும்பு கரைந்து போய், பெயிண்ட் மட்டும் இரும்பின் வடிவத்தில் நின்று கொண்டிருந்தது. ஒரு தடவை ரிப்பேருக்கு வந்தபோது மேஸ்திரி குத்தூசியை வைத்து அழுத்த, அது பிடி வரைக்கும் போய்விட்டது. பின்சீட்டுக்கு முன்னால் கால் வைக்கிற தகட்டைச் சென்னப்பாவே எண்ணெய் டின்னை வெட்டிப் பல தடவை ஒட்டுப் போட்டிருந்தார். ஒட்டுக்கு மேல் ஒட்டு, அதற்கு மேல் அழகாக ஒரு ஜமக்காளம்.

மேஸ்திரி கையைத் துடைத்துக் கொண்டு, "சென்னப்பா, வா, ஒரு டீ குடிக்கலாம்," என்றார்.

"வவுறு சரியில்லீங்க மேஸ்திரி," என்று சொல்லிச் சென்னப்பா காரைக் கிளப்பிக் கொண்டு போய்விட்டார்.

அதற்கடுத்த தடவை சனிக்கிழமை விரதம் என்றார். இன்னொரு தடவை, டீ குடித்தால் பித்தம் என்று டாக்டர் சொல்லிவிட்டதாகச் சொன்னார். அன்றைக்கே பஸ் ஸ்டாண்டுக்கு நான் ஒரு வேலையாகப் போனபோது, மனிதர் அங்கே ஒரு கடையில் பெரிய கிளாஸில் டீ குடித்துக் கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கிளாஸை மறைத்துக் கொண்டார். டீ குடிக்காதவருக்குத் தீர்ப்பு கிடையாது. காரின் எதிரில் சொல்வதற்கும் மேஸ்திரிக்கு மனம் வராது. இப்படியே இழுத்துக் கொண்டு போனது.

இந்த நிலையில்தான் சென்னப்பாவின் ஒரே மகள் ருக்மணிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை நஞ்சப்பா, தளிக்காரர். காய்கறித் தோட்டம் உள்ள குடும்பம், வீட்டில் கன்னடம் பேசுவார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. மாப்பிள்ளையின் தாய்மாமன் கெம்பண்ணாதான் நடுவில் ஒரு குச்சியைச் செருகினார். அவர் அப்போதுதான் புதுக் கார் வாங்கியிருந்தார். நிச்சயதார்த்தத்தன்று சென்னப்பாவின் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இந்த டப்பாலயா எங்க பையன் வரணும்? நம்ம காரே இருக்குதல்ல," என்று சபையில் சொல்லிவிட்டார்.

சென்னப்பா மறுநாளே பட்டறைக்கு வந்தார். காரை விட்டு இறங்காமலே பேசினார்.

"ஊரூரா மாப்பிள்ளைங்கள இட்டாந்த காரு இது. என் வூட்டு மாப்பிள்ள மட்டும் அடுத்தவன் கார்ல வரணுமா மேஸ்திரி? அப்பிடி வந்தா காலம் பூரா என் பொண்ணு அந்த வூட்டுல சொல்லு கேக்கணும். உங்கப்பன் காரு ஓடாத காருன்னுவாங்க. நடு வழியில நின்னுட்டாலும் அதே சொல்லுதான்."

"சென்னப்பா," என்று மேஸ்திரி ஆரம்பித்தார். அவர் கை துணியைத் தேடியது.

"டீ வாணாங்க. கல்யாணம் முடியட்டும்."

சென்னப்பாவின் கண் கலங்கியிருந்தது. மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டார். என் பக்கம் திரும்பினார். "மாது, கல்யாணத்துக்கு நீ போ. ரேடியேட்டர் கொதிக்காம பாத்துக்க. கார உட்டு ஒரு அடி நவராத," என்றார்.

ஊர்வலத்தில் நடை வேகத்தில் போகிற காருக்கு முகத்தில் காற்று படாது, சீக்கிரம் கொதித்துவிடும். அதனால் தண்ணீர் வாளியோடு காரின் பக்கத்திலேயே ஒரு ஆள் நடக்க வேண்டும். அந்த வேலைக்குத்தான் போனேன். ஊர்வலம் கிளம்பும் முன்பு கார் முழுக்க ஒரு பார்வை பார்த்து, பிரேக்கை முறுக்கி, பின்பக்கத் தகட்டில் பலமாக மிதிக்க வேண்டாம் என்று மாப்பிள்ளையிடமே சொல்லி வைத்தேன். நஞ்சப்பா நல்ல உயரம், நல்ல கனம். தலையாட்டிவிட்டுப் பூனை மாதிரி ஏறி உட்கார்ந்தார்.

சாயங்காலம் குருபரப்பள்ளி மாரியம்மன் கோயிலிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. முன்னால் மேளம், இரண்டு பக்கமும் பெட்ரோமாக்ஸ் விளக்கு தூக்குகிறவர்கள், நடுவில் சென்னப்பா ஓட்டும் பச்சைக் கார். அதற்குப் பின்னால் கெம்பண்ணா தன் புதுக் காரைக் காலியாக ஓட்டிக் கொண்டு வந்தார். நடுவில் இது நின்றுவிட்டால் மாப்பிள்ளையை ஏற்றிக் கொள்ளத் தயாராக வருகிறாராம். அதைச் சத்தமாகவும் சொல்லிக் கொண்டு வந்தார்.

கார் அன்றைக்குச் சொன்ன பேச்சைக் கேட்டது. ஒரு இருமல்கூட இல்லை. கடைத்தெரு திரும்பும் இடத்தில் யாரோ அதிர்வேட்டுப் போட்டார்கள். எல்லோரும் திடுக்கிட்டார்கள், மாப்பிள்ளையும் திடுக்கிட்டு இரண்டு காலையும் தரையில் அழுத்தினார். டர்ரென்று ஒரு சத்தம். நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். ஜமக்காளத்தோடு தகடு விட்டுப் போய், மாப்பிள்ளையின் கால்கள் முழங்காலுக்கு மேல் வரை கீழே போயிருந்தன. கார் ஊர்ந்து கொண்டிருந்தது. மாப்பிள்ளை ரோட்டில் நடந்து கொண்டிருந்தார்.

மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நிமிர்ந்து கம்பீரமாக உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் இருந்தது. கீழே படிப்பலகை அகலமாக இருந்ததால் பக்கவாட்டிலிருந்தும் காலைப் பார்க்க முடியாது. காலை மேலே இழுக்க அவர் முயன்றார். கிழிந்த தகரம் கீழ்நோக்கி வளைந்திருந்தது, எலிப்பொறி மாதிரி இறங்கத்தான் வழி விட்டது, ஏற விடவில்லை.

காரின் அடியில் நடுவே சுழலுகிற இரும்புத் தண்டில் வேட்டி மாட்டிக் கொண்டால் ஆளையே இழுத்துவிடும். "வேட்டிய மேல சுருட்டி இறுக்கிக்கிங்க. கார நிறுத்தச் சொல்லட்டுமா?" என்று காதோடு கேட்டேன்.

நஞ்சப்பா வேட்டியைச் சுருட்டி இடுப்பில் செருகினார், மாலையை இழுத்து மடியில் பரப்பி மூடிக் கொண்டார். முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, பெருமையில் கழுத்து நிமிர்ந்து, சலவைச் சட்டையோடு உட்கார்ந்திருந்த மாமனாரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பின்னால் வருகிற தன் தாய்மாமன் காரையும் பார்த்தார்.

"வேணாண்ணா," என்றார். "எவ்ளோ தூரம்? நடந்துடறன்."

அந்தச் சமயத்தில் கெம்பண்ணா தன் காரின் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டார். வெளிச்சம் பின்னாலிருந்து தரையோடு தரையாக அடித்தது. குனிந்து பார்க்கிறவர்களுக்குக் காரின் அடியில் நான்கு சக்கரங்களும் இரண்டு கால்களும் தெரிந்துவிடும். நான் முன்னால் ஓடினேன். நாதஸ்வரக்காரரிடம், "மேளம் காருக்குப் பின்னால வரணும்ங்க, மாப்பிள்ள வூட்டு வழக்கமாம்," என்றேன். அவர் ஊதிக் கொண்டே தலையாட்டி, தவில்காரர்களையும் கூட்டிக் கொண்டு பின்னால் போனார். கெம்பண்ணா, "இதேனு புதுசா இருக்குது?" என்று கேட்டதற்கு, "குருபரப்பள்ளி வழக்கம்ங்க," என்றேன். மேளக்காரர்களின் கால்கள் வெளிச்சத்தை அடைத்துக் கொண்டன. தளிக்காரர்கள் அதைக் குருபரப்பள்ளி வழக்கமென்றும், குருபரப்பள்ளிக்காரர்கள் தளி வழக்கமென்றும் நம்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் நடந்த இரண்டொரு கல்யாணங்களிலும் மேளம் காருக்குப் பின்னால் போனதாகக் கேள்வி.

இதற்குள் மாப்பிள்ளையின் புதுச் செருப்புகள் காலை விட்டு ஒவ்வொன்றாகக் கழன்று ரோட்டில் கிடந்தன. இரண்டையும் பொறுக்கி வாளிக்குள் போட்டுக் கொண்டேன். ரேடியேட்டரில் ஊற்ற வைத்திருந்த தண்ணீர் அதற்குள் முக்கால்வாசி தீர்ந்திருந்தது. சென்னப்பா ஒரு தடவை திரும்பி, "சவுரியமா இருக்குதா மாப்பிள்ள?" என்று கேட்டார்.

"சுகமா வர்றேன் மாமா," என்றார் நஞ்சப்பா. அவர் நெற்றியில் வியர்வை சந்தனத்தைக் கரைத்துக் கொண்டிருந்தது. நான் வாழ்நாளில் எத்தனையோ மாப்பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு மாப்பிள்ளையைப் பார்த்ததில்லை.

பந்தல் வாசலில் கார் நின்றது. ஆரத்தித் தட்டோடு பெண்கள் நின்று கொண்டிருந்தார்கள். "சக்கரத்துக்குக் கல்லு வெச்சிடறன், செத்த இருங்கம்மா," என்று சொல்லிவிட்டு நான் காருக்கு அடியில் புகுந்தேன். குறடால் தகரத்தின் நுனிகளைப் பிடித்து வளைத்து விட்டேன். கால்கள் ஒவ்வொன்றாக மேலே போயின. நஞ்சப்பா வேட்டியை இறக்கி விட்டு, மாலையைச் சரி செய்து, கதவைத் திறந்து ராஜா மாதிரி இறங்கினார். எனக்கு அடியிலிருந்து வெளியே வரவே மனமில்லை, கொஞ்ச நேரம் அங்கேயே படுத்திருந்தேன்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். மாமனார் மாப்பிள்ளையின் காலைக் கழுவ வேண்டும் என்பது எனக்கு மறந்தே போய்விட்டது.

மணைப் பலகையில் நஞ்சப்பா நின்றார். சென்னப்பாவின் மனைவி செம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற, சென்னப்பா குனிந்து, வேட்டியைக் கொஞ்சம் தூக்கி, தாம்பாளத்தில் வைத்த காலைத் தேய்த்தார். தண்ணீர் செம்மண்ணாக ஓடியது. இன்னொரு செம்பு ஊற்றினார்கள். அதுவும் செம்மண்தான். முழங்கால் வரைக்கும் புழுதி, கெண்டைக்காலில் தகரம் கீறிய சிவப்புக் கோடு. சென்னப்பாவின் கை அப்படியே நின்றுவிட்டது. அவர் தலையைத் தூக்கவில்லை. காரில் வந்த மனிதரின் காலில் இவ்வளவு மண் எப்படி வரும் என்று அந்தக் கை யோசித்தது, பிறகு அதற்குப் புரிந்துவிட்டது.

கெம்பண்ணாவும் பார்த்துவிட்டார். "ஏனப்பா நஞ்சா, கார்ல வந்தவன் கால்ல இத்தன மண்ணா?" என்று சபைக்குக் கேட்கிற மாதிரி கேட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தொறந்த கார் மாவா," என்று தாய்மாமனுக்குப் பதில் சொன்னார் நஞ்சப்பா, சிரிக்காமல். "ரோடெல்லாம் புழுதி. உங்க கார்ல வந்தா கண்ணாடிய ஏத்திக்கலாம். இதுல வந்தா ஊரு மண்ணு மேல படுது. எனக்கு இதுதான் புடிச்சிது."

கூட்டம் சிரித்துக் கலைந்தது. அதன்பிறகு அவர் கொஞ்சம் குனிந்து மாமனாரிடம் மட்டும் சொன்னார். நான் பக்கத்தில் வாளியோடு நின்றதால் எனக்கும் கேட்டது.

"காரு நல்லா ஓடுச்சு மாமா. நானும் கூடவே நடந்து வந்தேன்."

சென்னப்பா இரண்டு காலையும் துண்டால் ஒற்றி ஒற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக் கொண்டிருந்தார். நான் செருப்புகளைக் கழுவப் போகிற சாக்கில் நகர்ந்துவிட்டேன்.

கல்யாணச் சந்தடி ஓய்ந்த பிறகு ஒரு காலையில் பச்சைக் கார் பட்டறைக்கு வந்து நின்றது. சென்னப்பா இறங்கினார். கதவைக் கொஞ்சம் தூக்கி, உள்ளே அழுத்திச் சாத்தினார். எங்கள் யாரையும் பார்க்காமல் நேராக ரோட்டைத் தாண்டி காதர் பாய் கடைக்குப் போனார். அங்கே நின்று இந்தப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

"மேஸ்திரி, வாங்க. ஒரு டீ குடிக்கலாம்."

மேஸ்திரி கையைத் துணியில் துடைத்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் துடைத்தார். என்னையும் வரச் சொல்லிச் சைகை காட்டினார். மூன்று பேரும் காருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தோம். பாதி டீ குடித்து முடித்தோம். பிறகு மேஸ்திரி, "நல்ல வண்டி சென்னப்பா," என்றார்.

"மாப்பிள்ளையும் நல்லவருங்க," என்றார் சென்னப்பா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

காரை நாங்களே பிரித்தோம். ரப்பர் ஹாரனைச் சென்னப்பா கேட்டு வாங்கிக் கொண்டார். வேறு கார் வாங்கப் பெங்களூருக்கு மூன்று பேருமாகப் போனோம். மேஸ்திரி ஒவ்வொரு காரிலும் சுத்தியலோடு அடியில் புகுந்து கொண்டிருக்க, சென்னப்பா பின்பக்கம் ஏறித் தரையில் குதித்துப் பார்த்துக் கொண்டிருந்தார். விற்பவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு நீல நிறக் கார் இரண்டு சோதனையிலும் தேறியது. குதித்த பிறகும் திருப்தியில்லாமல், நஞ்சப்பாவை வரவழைத்து ஒரு தடவை மிதிக்க வைத்த பிறகுதான் சென்னப்பா அதைக் கல்யாணங்களுக்கு அனுப்பினார்.

பழைய காரின் பின்சீட்டைக் காதர் பாய் கேட்டார். கடைவாசலில் பெஞ்சுக்குப் பதிலாகப் போட்டுக் கொண்டார். அதற்குப் பிறகு மேஸ்திரி டீக்குக் கூப்பிட்ட ஆட்கள் எல்லோரும் சென்னப்பாவின் பின்சீட்டில் உட்கார்ந்துதான் தங்கள் வண்டியின் விதியைக் கேட்டார்கள். நல்ல மெத்தென்ற சீட்டு. கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பின்னால் ஓசூருக்கு ஃபாக்டரிகள் வந்தபோது நானும் இங்கே வந்து தனியாகப் பட்டறை போட்டேன். சுத்தியல், குத்தூசி, சாக்கட்டி எல்லாவற்றையும் மகன்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். டீயையும் சொல்லிக் கொடுத்தேன். சொல்லிக் கொடுத்திருக்க வேண்டாமோ என்று இப்போது தோன்றுகிறது.

போன வாரம் வழக்கம் போல என் பழைய ஸ்கூட்டரில் பட்டறைக்குப் போயிருந்தேன். நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். சின்ன மகன் ஸ்கூட்டரின் பக்கத்தில் குந்தி, கால் வைக்கிற தகட்டை விரலால் தட்டிப் பார்த்துக் கொண்டிருந்தான். சொத்தென்ற சத்தம் எனக்கும் கேட்டது. அவன் எழுந்து அண்ணனைப் பார்த்தான். பெரியவன் கையைத் துணியில் துடைத்துக் கொண்டே என்னிடம் வந்தான். "அப்பா, வாங்க, எதுருல ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்," என்றான்.

"டீ குடிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருப்பா," என்று எழுந்து ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினேன். பாகலூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போய், அவர்கள் கண்ணில் படாத ஒரு கடையில் நிறுத்தி, நானே தனியாக ஒரு டீ குடித்தேன். முதுகைக் காட்டாமல், ஸ்கூட்டரைப் பார்த்த மாதிரிதான் உட்கார்ந்திருந்தேன்.